குக்கி: வலைக்கு நினைவு தந்த சிறு குறிப்பும் அதன் விலையும்

மின்னஞ்சலைத் திறப்பவர், வங்கிக் கணக்கைப் பார்ப்பவர், விமானப் பயணச்சீட்டு வாங்குபவர் என இணையத்தைப் பயன்படுத்தும் ஏறத்தாழ ஒவ்வொருவரின் கணினியிலும் கைபேசியிலும் ஏராளமான சிறு எழுத்துக் குறிப்புகள் சேமிக்கப்பட்டுள்ளன. 'குக்கி' என்று அழைக்கப்படும் இக்குறிப்புகள் இல்லாமல், பயனர் தமது பெயரைப் பதிந்து உள்நுழையும் இணையதளங்களில் பெரும்பாலானவை இன்றுள்ள வடிவில் இயங்க முடியாது. அதே சமயம், கடவுச்சொல்லே தெரியாமல் ஒருவரது கணக்கைக் கைப்பற்றுவதற்கும், ஒருவர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார் என்று வேவு பார்ப்பதற்கும் இவையே வழிவகுத்துள்ளன.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வாழ்பவர்கள், ஒரு தளத்தைத் திறந்தவுடன் குக்கிகளை ஏற்கிறீர்களா என்ற கேள்வியை நாள்தோறும் பலமுறை எதிர்கொள்கிறார்கள். ஆனால் அக்கேள்வி எந்தக் குக்கியைப் பற்றியது, எதைப் பற்றியது அல்ல என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. திருடப்பட்டால் மிகப் பெரிய இழப்பை உண்டாக்கக்கூடிய குக்கி, அந்தக் கேள்வியின் வரம்புக்குள் வருவதே இல்லை.

மறதியோடு பிறந்த வலை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தில், 1989 ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த யோசனையிலிருந்தே உலகளாவிய வலை உருவானது. ஆய்வாளர்கள் தமக்குள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள உதவுவது அதன் தொடக்க கால நோக்கமாக இருந்தது. அதற்காக வகுக்கப்பட்ட எச்.டி.டி.பி. என்ற தொடர்பு விதிமுறை மிக எளிமையானது. பயனரின் உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். எதிர்முனையில் உள்ள சர்வர் அந்தப் பக்கத்தை அனுப்பும். அத்துடன் அவர்களது தொடர்பு முடிந்துவிடும்.

அடுத்த நொடியே அதே பயனர் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், சர்வரைப் பொறுத்தவரை அவர் முன்பின் அறியாத புதியவர்தான். ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியானது, முந்தையதோடு தொடர்பில்லாதது என்பதே இந்த விதிமுறையின் அடிப்படை. இது குறைபாடாகத் திட்டமிடப்பட்டது அல்ல. எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை இல்லாததால், ஒரு சர்வர் ஏராளமானவர்களுக்குப் பதில் அளிக்க முடிந்தது. ஒரு சர்வர் பழுதானால் வேறொன்று அந்த இடத்தில் நின்று பதில் அளிப்பதும் எளிதாக இருந்தது.

ஆனால் வலை வணிகத்துக்குப் பயன்படத் தொடங்கியபோது இந்த மறதி பெரும் தடையாயிற்று. ஒருவர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வணிகக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அவர் யார், அவரது கூடையில் என்ன இருக்கிறது என்பது கடைக்குத் தெரியாது. கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்தவர், ஒவ்வொரு பக்கத்துக்கும் மீண்டும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

இதற்குத் தற்காலிகத் தீர்வுகள் சில இருந்தன. கணினியின் இணைய முகவரி எண்ணைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது அவற்றுள் ஒன்று. ஆனால் ஓர் அலுவலகத்திலோ ஓர் இணைய மையத்திலோ உள்ள அனைவரும் வெளியுலகுக்கு ஒரே முகவரி எண்ணுடன் தெரியலாம். ஒருவரது எண்ணே அடிக்கடி மாறவும் கூடும். பக்கத்தின் முகவரி வரியிலேயே ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்புவது இன்னொரு வழி. அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால், அதைத் திறக்கும் நண்பர் அனுப்பியவராகவே சர்வருக்குத் தோன்றுவார் என்ற ஆபத்து அதில் இருந்தது.

1994: நெட்ஸ்கேப் கண்ட தீர்வு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்ற இளம் பொறியாளர், 1994 ஆம் ஆண்டு இந்தச் சிக்கலுக்கு விடை கண்டார். லிங்க்ஸ் என்ற எழுத்து வடிவ உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார். எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்றை உருவாக்கும் பணியின்போது, வாடிக்கையாளரின் பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தமது சர்வரில் வைத்துக்கொள்ள அந்த நிறுவனம் விரும்பவில்லை. அப்படியானால் அந்த விவரம் வாடிக்கையாளரின் கணினியிலேயே இருக்கட்டும் என்பதே மொன்டுல்லியின் யோசனை.

யூனிக்ஸ் கணினிகளில் நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சிறு தரவுத் துண்டுக்கு 'மேஜிக் குக்கி' என்ற பெயர் முன்பே வழக்கில் இருந்தது. அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப் உலாவியின் முன்னோட்டப் பதிப்பிலேயே குக்கி வசதி இருந்தது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியும் அதை ஏற்றுக்கொண்டது.

மொன்டுல்லியின் வடிவமைப்பில் முக்கியமான முடிவு ஒன்று இருந்தது. ஒவ்வொரு உலாவிக்கும் உலகம் முழுவதும் பொதுவான ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை இன்னும் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் ஒன்றுசேர்ந்து ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதால் அந்த வழி கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு தளம் வைத்த குக்கி அந்தத் தளத்துக்கு மட்டுமே திருப்பி அனுப்பப்படும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. இந்த அரணையும் விளம்பர நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே சுற்றிக் கடந்துவிட்டன.

டோக்கனும் அலமாரியும்

குக்கி செயல்படும் விதம் சிக்கலானது அல்ல. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது, அதன் தலைப்பில் 'செட்-குக்கி' என்ற வரியில் ஒரு பெயரையும் ஒரு மதிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. உலாவி அதைச் சேமித்துக்கொள்கிறது. அதன் பிறகு அதே தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையோடும், பயனர் எதுவும் செய்யாமலேயே, உலாவி அந்தக் குறிப்பை இணைத்து அனுப்புகிறது. தன்னளவில் குக்கி ஒரு நிரல் அல்ல, அது கணினியில் எதையும் இயக்காது. அது வெறும் எழுத்துச் சரம்.

ஆனால் கூடையில் உள்ள பொருட்கள், பயனரின் பெயர், அவருக்கு உள்ள உரிமைகள் ஆகிய எல்லாவற்றையும் குக்கியிலேயே எழுதிவைப்பது உசிதமாக இல்லை. ஒரு குக்கி சுமார் 4096 பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது. அத்துடன், பயனரின் கணினியில் உள்ள எதையும் பயனரால் திருத்த முடியும். பொருளின் விலை குக்கியில் எழுதப்பட்டிருந்தால், அதைக் குறைத்து எழுதிப் பொருளை வாங்குவதும் சாத்தியமே.

இங்கேதான் 'செஷன்' எனப்படும் அமர்வு முறை வருகிறது. கோயில் வாசலில் செருப்பு காக்கும் இடத்தை இதற்கு ஒப்பிடலாம். செருப்பு உள்ளே அலமாரியில் இருக்கும். வந்தவர் கையில் எண் பொறித்த டோக்கன் மட்டுமே இருக்கும். அதுபோலவே, பயனரைப் பற்றிய விவரங்கள் அனைத்தும் சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. உலாவியிடம் உள்ள குக்கியில் இருப்பது, அந்த விவரங்கள் எந்த இடத்தில் உள்ளன என்பதைக் குறிக்கும் அமர்வு எண் மட்டுமே. டோக்கனில் உள்ள எண்ணைப் பார்த்து செருப்பின் நிறத்தை அறிய முடியாது. அதைத் திருத்தி எழுதிச் செருப்பை மாற்றவும் முடியாது.

வலைத்தள உருவாக்கத்தில் பரவலாகப் பயன்படும் பி.எச்.பி. மொழி, 2000 ஆம் ஆண்டில் வெளியான தனது 4 ஆம் பதிப்பில் இந்த வசதியை உள்ளிணைத்தது. ஜாவா, மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. போன்ற பிற தொழில்நுட்பங்களிலும் இதே ஏற்பாடு உண்டு.

எனினும் செருப்பு டோக்கனுக்கு உள்ள பலவீனம் இதற்கும் உண்டு. டோக்கனில் யாருடைய பெயரும் இல்லை. அதை யார் கொண்டுவந்து நீட்டினாலும் செருப்பு அவரிடம் கொடுக்கப்படும். அமர்வு எண்ணை யார் அனுப்பினாலும், சர்வர் அவரையே கணக்கின் உரிமையாளராக ஏற்றுக்கொள்ளும்.

திருடப்படும் அமர்வுகள்

இதனால், அமர்வு எண்ணைக் கைப்பற்றுபவருக்குக் கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டு எண் போன்ற இரண்டாம் கட்டச் சோதனையும் அவரைத் தடுப்பதில்லை. அந்தச் சோதனைகள் அனைத்தையும் உண்மையான பயனர் முடித்த பிறகு கிடைக்கும் அனுமதிச் சீட்டுதான் அமர்வுக் குக்கி.

இந்த ஆபத்தைப் பொதுமக்களுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது, 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட 'ஃபயர்ஷீப்' என்ற மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு இணைந்து இயங்கும் இது, உணவகம் போன்ற பொது இடங்களின் பாதுகாப்பற்ற கம்பியில்லா இணைப்பில் அருகிலிருப்பவர்களின் அமர்வுக் குக்கிகளைப் பிடித்து, அவர்களது பெயர்களைத் திரையில் பட்டியலிட்டது. பெயரைச் சொடுக்கினால் அவரது கணக்கு திறந்துகொள்ளும்.

அக்காலத்தில் பல முன்னணித் தளங்கள் கடவுச்சொல் அனுப்பப்படும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, மற்றப் பக்கங்களைத் திறந்த நிலையில் விட்டிருந்ததே இதற்குக் காரணம். கடவுச்சொல் பாதுகாப்பாகச் சென்றது. அதற்கு ஈடான குக்கியோ அனைவரும் பார்க்கும்படி காற்றில் பயணித்தது. புதிய ஓட்டை எதையும் ஃபயர்ஷீப் உருவாக்கவில்லை. பல ஆண்டுகளாக அறியப்பட்டிருந்த ஒன்றை எளிதாக்கிக் காட்டியது. 2011 ஆம் ஆண்டில் ஃபேஸ்புக், டுவிட்டர் ஆகியவை முழுமையான மறையாக்கத்தை விருப்பத் தேர்வாக அறிமுகப்படுத்தின. பின்னர் அதுவே இயல்பு நிலையாயிற்று.

குக்கியைத் திருடாமலேயே அமர்வைத் தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதை அதற்கு முன்பே ஒரு சம்பவம் உணர்த்தியிருந்தது. 2005 அக்டோபரில், அப்போது பெரும் செல்வாக்குடன் விளங்கிய மைஸ்பேஸ் தளத்தில், சாமி கம்கார் என்ற இளைஞர் தமது சுயவிவரப் பக்கத்துக்குள் ஒரு நிரலை நுழைத்துவைத்தார். அப்பக்கத்தைப் பார்த்த ஒவ்வொருவரின் அமர்வையும் பயன்படுத்தி, அவர்கள் அறியாமலேயே அந்த நிரல் அவரை நண்பராகச் சேர்த்ததுடன், தன்னை அவர்களது பக்கங்களிலும் பிரதி எடுத்துக்கொண்டது. ஒரு நாளுக்கும் குறைந்த நேரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு அது பரவியது. 2007 ஆம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது.

யாஹூ நிறுவனத்தின் அனுபவம் இன்னும் கடுமையானது. அந்நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், அதன் குக்கிகள் எவ்வாறு தயாரிக்கப்படுகின்றன என்பதை அறிந்துகொண்டு போலிக் குக்கிகளை உருவாக்கினர். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் சுமார் 3 கோடியே 20 லட்சம் கணக்குகள் இவ்வாறு அணுகப்பட்டதாக யாஹூ 2017 இல் தெரிவித்தது. கணக்கின் உரிமையாளர்கள் எவ்வளவு கடினமான கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

மறையாக்கம் பரவலான பிறகு திருடர்களின் வழிமுறையும் மாறியது. இணைப்பின் நடுவில் நின்று பிடிப்பதற்குப் பதிலாக, பயனரின் கணினிக்குள்ளேயே தீங்கு மென்பொருளை நுழைத்து, உலாவி சேமித்துள்ள குக்கிகளை மொத்தமாக அள்ளிச் செல்வது இன்று பெரும் தொழிலாகிவிட்டது. இப்படித் திருடப்பட்டவற்றை விற்றுவந்த 'ஜெனிசிஸ் மார்க்கெட்' என்ற இணையச் சந்தை, 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.பி.ஐ., நெதர்லாந்து காவல்துறை ஆகியவற்றின் தலைமையில் 17 நாடுகள் பங்கேற்ற நடவடிக்கையில் முடக்கப்பட்டது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து திருடப்பட்ட விவரங்கள் அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். அந்த நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர் 'ஆபரேஷன் குக்கி மான்ஸ்டர்'.

உருவாக்குநர்களின் பொறுப்பு

இத்தகைய தாக்குதல்களில் பலவற்றைத் தளத்தை உருவாக்குபவர்களே தடுக்க முடியும். அமர்வு எண் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. வரிசை எண்ணாகவோ, பயனர் பெயரிலிருந்தோ, நேரத்திலிருந்தோ கணக்கிடத்தக்கதாகவோ இருந்தால், ஒருவர் தமது எண்ணைப் பார்த்து அடுத்தவரின் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். பாதுகாப்பான முறையில் தற்போக்காக உருவாக்கப்படும் 128 பிட் எண்ணுக்கு 39 இலக்கங்கள் கொண்ட அளவுக்குச் சாத்தியங்கள் உள்ளன. ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடைமுறையில் இயலாது.

இரண்டாவது, குக்கியோடு அனுப்பப்படும் கட்டுப்பாடுகள். 'செக்யூர்' என்ற குறிப்பு இருந்தால், மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் மட்டுமே உலாவி அந்தக் குக்கியை அனுப்பும். 2002 இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய 'எச்.டி.டி.பி. ஒன்லி' என்ற குறிப்பு, பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் குக்கியைப் படிப்பதைத் தடுக்கிறது. எனினும் மைஸ்பேஸ் சம்பவம் போன்று, குக்கியைப் படிக்காமலேயே அமர்வைப் பயன்படுத்தும் நிரலை இது மட்டும் தடுக்காது. பயனர்கள் எழுதும் உரைக்குள் நிரல் நுழைய முடியாமல் வடிகட்டுவதும் அவசியம்.

மூன்றாவது குறிப்பான 'சேம்சைட்', வேறொரு வகை மோசடியைக் கருதி உருவாக்கப்பட்டது. ஒருவர் தமது வங்கித் தளத்தில் உள்நுழைந்திருக்கும்போதே இன்னொரு தளத்தையும் திறக்கிறார் என்று கொள்வோம். அந்தத் தளம், பணம் அனுப்பும் கோரிக்கை ஒன்றை மறைவாக வங்கிக்கு அனுப்பினால், உலாவி வழக்கம்போல் வங்கியின் குக்கியையும் அதனுடன் இணைத்துவிடும். வங்கியின் சர்வருக்கு அது வாடிக்கையாளரின் கோரிக்கையாகவே தோன்றும். வேறு தளத்திலிருந்து எழும் கோரிக்கைகளுடன் குக்கியை இணைக்க வேண்டாம் என்று சேம்சைட் உலாவிக்குச் சொல்கிறது. 2020 ஆம் ஆண்டு முதல் கூகுள் குரோம் உலாவி, தளம் எதுவும் சொல்லாவிட்டாலும் பெருமளவு இந்தக் கட்டுப்பாட்டையே இயல்பாகக் கடைப்பிடிக்கத் தொடங்கியது.

நான்காவது, பயனர் உள்நுழைந்தவுடன் பழைய அமர்வு எண்ணைக் கைவிட்டுப் புதிய எண்ணை வழங்குவது. இல்லாவிட்டால், தாக்குபவர் தமக்குத் தெரிந்த எண்ணை முன்கூட்டியே ஒருவரின் உலாவியில் வைத்துவிட்டு, அவர் உள்நுழையும்வரை காத்திருந்து அதே எண்ணுடன் நுழைய முடியும். 'அமர்வைப் பொருத்திவைத்தல்' என்று பொருள்படும் பெயரில் 2002 முதல் இது விவரிக்கப்பட்டு வருகிறது. பி.எச்.பி. போன்ற மொழிகளில் இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி விடுபட்ட தளங்கள் இன்றும் உண்டு.

ஐந்தாவது, அமர்வின் ஆயுள். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, வங்கி போன்ற உயர் மதிப்புடைய தளங்களில் பயனர் எதுவும் செய்யாதிருந்தால் 2 முதல் 5 நிமிடங்களிலும், ஆபத்துக் குறைந்த தளங்களில் 15 முதல் 30 நிமிடங்களிலும் அமர்வு முடிக்கப்படுவது வழக்கம். வெளியேறும் பொத்தானைப் பயனர் சொடுக்கும்போது, உலாவியில் உள்ள குக்கியை மட்டும் அழித்தால் போதாது. சர்வரில் உள்ள பதிவும் அழிக்கப்பட வேண்டும். டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு அலமாரியில் செருப்பை அப்படியே விட்டுவைத்தால், அந்த டோக்கனின் நகலை வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அலமாரியே வேண்டாம், விவரங்களைச் சர்வரின் கையொப்பத்துடன் பயனரிடமே கொடுத்துவிடலாம் என்ற முறையும் கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாகப் பரவியுள்ளது. ஜே.டபிள்யூ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதற்கான தரநிலை 2015 இல் வெளியானது. கையொப்பம் இருப்பதால் திருத்த முடியாது. பல சர்வர்களைக் கொண்ட பெரிய தளங்களுக்கு இது வசதியானது. ஆனால் திருடப்பட்டது தெரியவந்தாலும், காலக்கெடு முடியும் முன் அதைச் செல்லாததாக்குவது கடினம். அதற்கெனத் தனிப் பட்டியல் வைத்தால், கைவிட்ட அலமாரி வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது.

வேவு பார்க்கும் குக்கி

இதுவரை விவரிக்கப்பட்டவை, பயனர் தாமே சென்ற தளம் வைக்கும் குக்கிகள். மூன்றாம் தரப்புக் குக்கிகள் வேறு வகை. ஒரு செய்தித்தளத்தின் பக்கத்தில் உள்ள விளம்பரப் படம், அந்தத் தளத்திலிருந்து அல்லாமல் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரலாம். அந்தச் சர்வரும் தன் குக்கியை வைக்க முடியும். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், அந்த ஆயிரம் தளங்களிலும் ஒரே குக்கி அதனிடம் திரும்பிச் செல்லும். ஒருவர் எந்த நோயைப் பற்றிப் படித்தார், எந்த வேலைக்கு விண்ணப்பம் தேடினார், எந்த அரசியல் செய்தியைப் பார்த்தார் என்பவை ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

குக்கி என்ற ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குப் பெருமளவில் தெரியவந்தது 1996 பிப்ரவரியில், லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு அதைப் பற்றி எழுதிய பிறகே. 1997 பிப்ரவரியில் டேவிட் கிரிஸ்டல், லூ மொன்டுல்லி ஆகியோர் எழுதி வெளியான முதல் தரநிலை ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் அனுமதிக்கக் கூடாது, அல்லது இயல்பு நிலையிலாவது தடுக்க வேண்டும் என்று கூறியது. அப்போதைய முன்னணி உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதைப் பின்பற்றவில்லை. விளம்பர வருவாயை நம்பி இணைய வணிகம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், மக்களின் உண்மைப் பெயர்களும் முகவரிகளும் கொண்ட அபாகஸ் நிறுவனத்தை 1999 இல் வாங்கியபோது, குக்கித் தகவல்கள் உண்மையான மனிதர்களின் பெயருடன் இணைக்கப்படும் என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்புகளுக்கும் அரசு விசாரணைக்கும் இடையே 2000 ஆம் ஆண்டில் அத்திட்டத்திலிருந்து அது பின்வாங்கியது. அந்த டபுள்கிளிக்கை கூகுள் நிறுவனம் 310 கோடி டாலருக்கு வாங்கும் நடவடிக்கை 2008 மார்ச்சில் நிறைவடைந்தது.

சட்டம் சொல்வது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டில் மின்னணுத் தகவல் தொடர்பில் அந்தரங்கம் குறித்த வழிகாட்டு நெறியைக் கொண்டுவந்தது. 2009 இல் அது திருத்தப்பட்டபோது, பயனரின் கருவியில் தகவலைச் சேமிக்க முன்கூட்டியே அவரது சம்மதம் தேவை என்றாயிற்று. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சம்மதம் என்பது தெளிவான செயலால் காட்டப்பட வேண்டும் என்று வரையறுத்தது. முன்கூட்டியே 'சரி' எனக் குறியிடப்பட்ட கட்டங்கள் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. பயனர் கேட்ட சேவையை வழங்குவதற்கு இன்றியமையாத குக்கிகளுக்குச் சம்மதம் தேவையில்லை. உள்நுழைவு அமர்வு, வணிகக் கூடை ஆகியவற்றுக்கான குக்கிகள் இதில் அடங்கும். எனவே, 'அனைத்தையும் மறுக்கிறேன்' என்று சொடுக்குபவரின் உலாவியிலும் அமர்வுக் குக்கி இருக்கவே செய்யும். அது நியாயமானதும்கூட. ஆனால் மறுத்துவிட்டதால் தமது கணக்கு பாதுகாப்பாகிவிட்டது என்று எவரேனும் கருதினால், அது தவறான நம்பிக்கை. அந்தப் பொத்தான் விளம்பர வேவிலிருந்து காக்கலாம்; அமர்வுத் திருட்டிலிருந்து காப்பதில்லை.

சம்மதம் கேட்கும் முறையும் சர்ச்சைக்குரியதாகவே இருந்துவருகிறது. ஏற்பதற்கு ஒரே சொடுக்கும், மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் தேவைப்படும்படி பக்கத்தை அமைத்ததற்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது.

இச்சட்டங்கள் ஐரோப்பிய நிறுவனங்களை மட்டும் கட்டுப்படுத்துபவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவர்களுக்குப் பொருட்களையோ சேவைகளையோ வழங்க முன்வரும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை அதற்குப் பொருந்தும். பாரிஸிலும் பெர்லினிலும் உள்ள தமிழ் வாடிக்கையாளர்களைக் கருதிச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நடத்தப்படும் சேலைக் கடைத் தளமோ திருமணத் தகவல் தளமோ இதற்கு விலக்கல்ல. இலங்கை 2022 ஆம் ஆண்டிலும் இந்தியா 2023 ஆம் ஆண்டிலும் தமக்கெனத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை நிறைவேற்றியுள்ளன.

அடுத்த கட்டம்

சட்டத்துக்கு இணையாக உலாவிகளும் மாறிவருகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாகவே முழுமையாகத் தடுத்து வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டிகளில் பிரித்துவைக்கும் முறையைப் பொதுவாக்கியது. குரோம் உலாவியும் இரண்டு ஆண்டுகளில் அவற்றைக் கைவிடும் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட அத்திட்டம் 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. உலாவியையும் விளம்பரத் தொழிலையும் ஒரே நிறுவனம் நடத்துவதால் எழும் முரண்பாட்டை இது மீண்டும் விவாதப் பொருளாக்கியது.

அமர்வுத் திருட்டைப் பொறுத்தவரை, டோக்கனைக் குறிப்பிட்ட கருவியோடு பிணைத்துவிடும் முயற்சி நடைபெற்று வருகிறது. 2024 ஏப்ரலில் கூகுள் முன்வைத்த திட்டத்தின்படி, கணினியின் பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கும் சாவி ஒன்றைக் கொண்டு உலாவி அவ்வப்போது தன்னை நிரூபிக்க வேண்டும். குக்கி திருடப்பட்டாலும், அந்தச் சாவி இல்லாத வேறு கணினியில் அது சிறிது நேரத்தில் செல்லாததாகிவிடும். எல்லாத் தளங்களும் எல்லா உலாவிகளும் ஏற்றுக்கொண்டால்தான் இதன் முழுப்பயன் கிடைக்கும்.

அதுவரை பயனர்கள் கையில் உள்ளவை எளிய வழிகளே. பொது இடத்துக் கணினியிலும் பிறரது கைபேசியிலும் சாளரத்தை மூடுவதோடு நில்லாமல், முறையாக வெளியேறுவது அவசியம். மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்குகள் பலவற்றில், எந்தெந்தக் கருவிகளில் தற்போது அமர்வு திறந்துள்ளது என்பதைக் காட்டும் பட்டியல் உண்டு. ஐயத்துக்குரியவற்றை அங்கிருந்தே முடித்துவைக்கலாம். கணக்கு பறிபோனதாக ஐயம் எழுந்தால், கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாமல் போகலாம்; அனைத்துக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியையும் பயன்படுத்த வேண்டும். இலவசம் என்று சொல்லித் தரப்படும் அறியாத மென்பொருட்களை நிறுவாதிருப்பது, குக்கிகளை அள்ளிச் செல்லும் தீங்கு நிரல்களிலிருந்து காக்கும்.

ஒரு கடைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இடையே கூடையை நினைவில் வைத்துக்கொள்ள உருவாக்கப்பட்ட குறிப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பல நூறு கோடி மக்களின் அடையாளச் சீட்டாக மாறியிருக்கிறது. விளம்பர வேவைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்துள்ளன. அந்தச் சீட்டு களவுபோகாமல் காப்பதோ, இன்னும் பெருமளவு தளங்களை உருவாக்குபவர்களின் கவனத்தையே சார்ந்துள்ளது.